ஆடிக்காற்றும் என் ஸ்டாண்டும்

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றில் அக்கா மகளுக்கு முதல் பிறந்தநாள். மொட்டை மாடியில் போட்டோவுக்கான பேக்டிராப் (பின்னணித் துணி) ஸ்டாண்டை நிறுத்தித் துணி கட்டிய ஐந்தாவது நிமிடம், மொத்தமும் பாய்மரம் மாதிரி புடைத்துச் சாய்ந்தது. நல்லவேளை, பாப்பா அக்கா இடுப்பில் இருந்தாள். அப்புறம் அத்திம்பேர் கட்டட வேலைக்கு வாங்கிய மணலை இரண்டு அரிசிப் பைகளில் நிரப்பி ஸ்டாண்டின் கால்களில் கட்டினோம். அசையவே இல்லை.

கேமராவுக்கு ட்ரைபாடு (முக்காலி) வாங்கும்போதும் விலைக்கு முன்னால் தாங்கும் எடையைப் பாருங்கள். கேமராவும் லென்ஸும் 2 கிலோ என்றால் 5 கிலோவாவது தாங்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் கூடும். கால்களை நீட்டியே கண் உயரம் வருவதுதான் நல்லது. தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம். கார்பன் ஃபைபர் ட்ரைபாடு கைக்கு இலேசு, பர்ஸுக்குக் கனம்.

வயல் சேற்றில் எதுவானாலும் புதையும். அங்கே நான் கால்களுக்கு அடியில் மூன்று கொட்டாங்கச்சி வைத்துக்கொள்வேன்.