தமிழ்த் தாள் கொடுத்த 47 மதிப்பெண்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குச் சேர எழுதும் பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் (CUET) விண்ணப்பத்தில் எந்த மொழித்தாளை எடுப்பது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. "டெல்லிக்குப் போறவளுக்குத் தமிழ் எதுக்கு? இங்கிலீஷ் மட்டும் போடு, பணமாவது மிச்சமாகும்" என்றார் எங்களுக்கு வழிகாட்டிய ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். மூன்று பாடத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "உனக்கு எது நல்லா வருமோ அதை எழுது அம்மிணி, காசை நான் பாத்துக்கறேன்" என்றார். இங்கிலீஷ், தமிழ் இரண்டையும் போட்டேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். வீட்டிலும் கடையிலும் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். பிளஸ் டூவில் ஹியூமானிட்டீஸ். வரலாறு, பொலிட்டிகல் சயின்ஸ், எகனாமிக்ஸ், ஜியாகிரபி, இரண்டாம் மொழியாகத் தமிழ். அப்பா தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் உரிக்கிறார்.

பிளஸ் டூவில் நான் வாங்கியது 88 சதவீதம். 2021இல் என்றால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பியும் பார்த்திருக்க முடியாது. அந்த வருடம் இந்து கல்லூரியிலும் ராம்ஜஸிலும் பொலிட்டிகல் சயின்ஸுக்கு முதல் கட் ஆஃப் 100 சதவீதம். கேரள போர்டில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் கூட்டமாகச் சேர்ந்தார்கள், அதை வைத்துப் பெரிய சர்ச்சையும் நடந்தது. 2022இல் க்யூட் வந்தபின் பிளஸ் டூ மார்க் பின்னுக்குப் போய்விட்டது. பாஸாகியிருக்க வேண்டும், இருவர் சமமாக வந்தால் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நான் எழுதிய 2025ஆம் ஆண்டில் அதிகபட்சம் ஐந்து பாடம் எடுக்கலாம். ஒரு தாளுக்கு 60 நிமிடம், 50 கேள்வி, எல்லாமே கட்டாயம். சரியான விடைக்கு 5, தப்புக்கு 1 கழியும். ஆக ஒரு தாளுக்கு 250. நான் கேட்ட பி.ஏ. ஹானர்ஸ் வரலாற்றுக்கு ஒரு மொழி, மூன்று பாடம் என்ற சேர்க்கையில் 1000க்குக் கணக்கு. இதில் நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர, பிளஸ் டூவில் படித்த பாடத்தைத்தான் க்யூட்டிலும் எழுத வேண்டும். என் தோழி ஒருத்தி நன்றாகப் படிப்பவள். அவளுடைய குரூப்பில் காந்தியன் ஸ்டடீஸும் சோஷியல் வொர்க்கும் இருந்தன. க்யூட் பட்டியலில் அந்த இரண்டும் இல்லை. கேட்ட அளவுக்குப் பாடம் தேறாமல் அவளால் இந்தப் பக்கமே வர முடியவில்லை. பதினைந்து வயதில், பிளஸ் ஒன் சேரும்போது, யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. எனக்கு இப்போதும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

படித்தது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை மட்டும். கோச்சிங் போகவில்லை. புத்தகத்தை வரி வரியாகப் படித்தேன், அடிக்குறிப்பு, பெட்டிச் செய்தி, படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்து உட்பட. பாடத் தாள்களைத் தமிழிலேயே எழுதலாம் என்று இருந்தும் ஆங்கிலத்தை எடுத்தேன். பிளஸ் டூ புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் சொற்கள் அப்படித்தான் மனதில் பதிந்திருந்தன. கம்ப்யூட்டரில் எழுதிப் பழக்கம் இல்லாததால் பள்ளி லேபில் கெஞ்சி தினமும் அரை மணி நேரம் மவுஸ் பிடித்துப் பழகினேன். அந்த அரை மணி மிகவும் உதவியது. தேர்வுகள் மே 13இல் தொடங்கின, எனக்கு இரண்டு நாள்களில் முடிந்தது.

ஜூலை 4 அன்று முடிவு வந்தது. தசமத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன்: வரலாறு 219, பொலிட்டிகல் சயின்ஸ் 204, ஜியாகிரபி 197, இங்கிலீஷ் 181, தமிழ் 228. நாம் போட்ட சரி, தப்புக் கணக்கு அப்படியே மதிப்பெண்ணாக வருவதில்லை. வேறு வேறு ஷிப்டில் வேறு வேறு கேள்வித்தாள் வருவதால், அந்தந்த ஷிப்டில் நாம் எத்தனை பேரை முந்தினோம் என்று பார்த்துச் சமன் செய்கிறார்கள். இங்கிலீஷை வைத்துக் கூட்டினால் 801. தமிழை வைத்துக் கூட்டினால் 848. வரலாற்றுக்கு அவர்கள் கேட்பது பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு மொழி, தமிழும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வாசித்த மொழி எனக்கு 47 மதிப்பெண் தூக்கிக் கொடுத்தது.

மார்க் வந்தால் சீட் வந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அந்த வருடம் பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில் 250 ரூபாய் கட்டிப் பதிய வேண்டியிருந்தது, பிறகு கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்து விருப்பப் பட்டியல் போட வேண்டியிருந்தது. இங்கேதான் பெரிய தப்புச் செய்தேன். கிடைக்கும் என்று தோன்றியதை மேலே வைத்தேன், ஆசைப்பட்டதைக் கீழே தள்ளினேன். ஆசைப்பட்டதை முதலில் போட்டால் உள்ளதும் போய்விடும் என்று பயம். உண்மையில் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும், நம் மதிப்பெண்ணுக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அதன்பின் அப்கிரேடு கேட்டாலும் அதற்கு மேலே உள்ளவைதான் கிடைக்கும், கீழே உள்ளவை போனது போனதுதான்.

நல்லவேளையாக உத்தேச ரேங்க் போட்ட பிறகு பட்டியலை மாற்ற ஒரு வாய்ப்புத் தந்தார்கள். அன்று இரவு கரண்ட் இல்லை. தம்பி டார்ச் பிடிக்க, பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் 41 விருப்பங்களையும் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். காலையில் அக்ஷயா இ-சேவை மையம் திறந்ததும் ஓடினேன்.

முதல் சுற்றில் எதுவும் இல்லை. இரண்டாவதில் வளாகத்துக்கு வெளியே ஒரு கல்லூரி வந்தது. ஏற்றுக்கொண்டேன். மறுநாள் கல்லூரியிலிருந்து போர்ட்டலில் ஒரு கேள்வி: ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழின் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவைச் சேராதவர் என்பதற்கானது) தேதி சரியில்லை. அந்த வருடம் மார்ச் 31க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும், அதுவும் மத்திய அரசு வடிவத்தில். அக்ஷயா சேச்சி திரையை உற்றுப் பார்த்து, "மோளே, இது பெப்ரவரியிலெ சர்ட்டிபிகேட்டல்லே?" என்றார். கை நடுங்கிவிட்டது. மாநிலத் தேவைக்கு வில்லேஜ் ஆபீசர் கையெழுத்துப் போதும், மத்தியத் தேவைக்குத் தாசில்தார் தர வேண்டும். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. வில்லேஜ் ஆபீசுக்கும் சித்தூர் தாலுகா ஆபீசுக்கும் இரண்டு நாள் அலைந்தார். உரிப்புக் கறை ஏறிய விரல்களால் அந்தக் காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அப்லோடு செய்தோம், கேள்வி தீர்ந்தது, பணம் கட்டினோம், அப்கிரேடு போட்டோம். அடுத்த சுற்றில் வடக்கு வளாகத்தில் வரலாறு கிடைத்தது. பட்டியலை மாற்றியிராவிட்டால் அது எனக்கு வந்தே இருக்காது.

பாலக்காட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு இரவு பயணம்.

இங்கே ஹாஸ்டலில் இந்த மாதிரித் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று அடிக்கடி விவாதம் வரும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2022இல் எஸ்.ஏ.டி. போன்ற பொதுத் தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கட்டாயமாக்கியது, வசதியில்லாத பள்ளியில் படித்தவர் தன் திறமையைக் காட்ட அது ஒரு வழி என்று காரணம் சொன்னது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. தோழிகள் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். நான் என்னையும் நினைத்துக்கொள்வேன், காந்தியன் ஸ்டடீஸ் படித்த என் தோழியையும் நினைத்துக்கொள்வேன். அதே தேர்வு எனக்குக் கதவைத் திறந்தது, அவளைப் படியேறவே விடவில்லை.

போன வாரம் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் போன் செய்தாள். பாடம் எல்லாம் சரியாக இருக்கிறது, ஏப்ரல் பிறந்ததும் தாலுகா ஆபீஸ் போகவும் சொல்லியாயிற்று. "அக்கா, மொழி எது போடட்டும்?" என்றாள். இங்கிலீஷ் ஹானர்ஸ் கேட்கிறாயா என்று கேட்டேன். இல்லை, வரலாறுதான் என்றாள்.

"அப்ப இங்கிலீஷோட தமிழையும் போடு அம்மிணி."