மூன்று கிலோ பூண்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை நான் இந்த உலகத்தில் இல்லை. இல்லாமல் இருந்து பார்க்கலாமே என்று ஓர் ஆசை.

படித்ததால் வந்த வினை. 1950களில் கனடாவில், மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டொனால்ட் ஹெப்பின் ஆட்கள் மாணவர்களைச் சின்ன அறையில் படுக்கவைத்து, கண்ணுக்கு மங்கல் கண்ணாடியும் கைக்கு அட்டை உறையும் மாட்டி, சும்மா கிடந்தால் நாளொன்றுக்கு 20 டாலர் என்றார்களாம். முக்கால்வாசிப் பேர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. ஒருவருக்கு, பனியில் அணில்கள் மூட்டை சுமந்துகொண்டு வரிசையாகப் போவது தெரிந்திருக்கிறது.

“20 டாலர் கொடுத்தால் நான் வருஷக்கணக்கில் படுத்திருப்பேன்” என்றேன்.

“இப்ப காசு வாங்காமலே அதைத்தானே செய்றீங்க” என்றாள் மனைவி சாந்தி.

ரோஷம் வந்துவிட்டது. பின்கட்டு அறை ஜன்னலுக்கு ஜமக்காளம், கண்ணுக்கு மலைக்குப் போனபோது கட்டிய கறுப்புத் துண்டு, காதில் பஞ்சு. சத்தம் போடும் என்பதால் ஃபேனும் கிடையாது. மே மாதம், சொல்லவே வேண்டாம்.

முதலில் மூக்கு அரித்தது. அப்புறம் முழங்கால். அப்புறம், இதுவரை இருப்பதே தெரியாத முதுகின் ஏதோ ஒரு மூலை. பிறகு இதயம் பக்கத்து வீட்டு மோட்டார் மாதிரி ஓடுவது கேட்டது. ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் போன இசைக்காரர் ஜான் கேஜுக்குக்கூட இரண்டு சத்தம் கேட்டதாம். எனக்கு மூன்றாவதாக வயிறும் கேட்டது.

அணில் வரவில்லை. மாவு மில் டின் வந்தது. வெள்ளிக்கிழமை வைத்துவிட்டு எடுக்க மறந்த அதே பச்சை மூடி டின். இருட்டில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆனால் அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி! அந்த நேரத்துக்கு நம் தெருவில் பூண்டு வண்டி ஸ்பீக்கர் அலறும், பையன்களின் பந்து கேட்டில் மோதும், அம்மாவின் சீரியலில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். ஒன்றுமே இல்லை. புலன்கள் அடங்கிவிட்டன, இன்னும் பத்து நிமிஷம் போனால் தாடி வளர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தால், சத்தமில்லாத டிவி முன்னால் அம்மா. “அவ நல்லவளா கெட்டவளான்னு தெரியாமலே ஒரு மணி நேரம் பாத்தேன்டா.” அடுப்பில், விசில் அடிக்கக் கூடாது என்று பாத்திரத்தில் போட்ட கொண்டைக்கடலை கல்லாகவே கிடந்தது. பையன்களை மைதானத்துக்கு விரட்டி, பூண்டு வண்டியைத் தெருமுனையிலேயே மறித்துக் கத்தியதில் சாந்திக்குக் குரல் போயே போய்விட்டது.

“மூணு கிலோ வாங்கினாத்தான் ஸ்பீக்கரை நிறுத்துவேன்னுட்டான்” என்றாள் காற்றாக.

முறத்தை நடுவில் வைத்து இருவரும் பூண்டு உரிக்க உட்கார்ந்தோம். அவளால் பேச முடியவில்லை. மாவு டின் கதையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.