டிபிஎஸ்: மூன்றாவது முறை, 0.52 வோல்ட்

மூன்றாவது தடவை கழற்றி மாட்டியதில் டிபிஎஸ் (என்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) ஒருவழியாக 0.52 வோல்ட்டில் நின்றுவிட்டது. ஸ்க்ரூ இறுக்கிய பிறகும் 0.52, என்ஜின் சூடேறிய பிறகும் 0.52. முதல் தடவை வாங்கிய சென்சாரே தப்பு. இரண்டாவது தடவை சென்சார் சரி, அளந்த இடம் தப்பு.

வண்டி 2003 மாடல், 1.3 லிட்டர் பெட்ரோல், கேபிள் த்ராட்டில், மூன்று வயர் டிபிஎஸ், ஸ்க்ரூ துளை நீளவாக்கில். எலக்ட்ரானிக் த்ராட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திருப்புளியோடு இறங்க வேண்டாம். அதில் திருப்ப எதுவும் இல்லை. தொந்தரவு இரண்டு. இரண்டாவது கியரில் 20–25 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் ஒரு வெட்டு. அழுத்தி மிதித்தால் ஒன்றுமே இல்லை. புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் காலை எடுத்தால் ஐடிலிங் நிமிடத்துக்கு 1,300 சுற்றில் தொங்கிக்கொண்டு, மனசு வந்தால் இறங்கும். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. சிக்னல் அடியோடு விழுந்தோ உச்சிக்குப் போயோ அங்கேயே நின்றால்தான் பி0122, பி0123 என்ற பிழைக் கோடுகள் எல்லாம். கண் சிமிட்டும் நேரத்துக்கு விட்டுப்போவதை ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பெரும்பாலும் பிழைக் கோடாக எழுதி வைக்காது, ஆனால் பெட்ரோலை அதற்கேற்ப வெட்டிவிடும்.

சென்சாரைத் தொடும் முன் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்தாயிற்று. சாவி ஆன், என்ஜின் ஆஃப், மூடிய நிலையில் 0.71 வோல்ட். த்ராட்டில் பிளேட் விளிம்பில் படிந்திருந்த கரியைத் துடைத்ததும் 0.63. கேபிள் விறைப்பாக இருந்தது, கொஞ்சம் தொய்வு கொடுத்ததும் 0.58. ஐடிலிங் தொங்குவது இதிலேயே முக்கால்வாசி போய்விட்டது. பிளேட் மூடவில்லை என்று நினைக்கிற ஈசியூ ஐடில் கட்டுப்பாட்டுக்கு வராது, இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்தவும் செய்யாது, அவ்வளவுதான் விஷயம். கிளீனர் அடிக்கும்போது சென்சாரைக் கழற்றி வையுங்கள். உள்ளே போனால், ஊசி உரசிப் போகும் டிராக்கில் இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். பிளேட் எதுவரை மூட வேண்டும் என்று நிறுத்தும், பெயிண்ட் வைத்துப் பூட்டிய ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். டிபிஎஸ் வோல்ட்டேஜ் சரிவர வேண்டும் என்று அதைத் திருப்பி வைத்த வண்டிகள் நிறைய. அது காற்றின் அளவு, சென்சாருக்குச் சம்பந்தம் இல்லை.

இனி வெட்டு. டிஜிட்டல் மீட்டரை வைத்துக்கொண்டு த்ராட்டிலைத் திறந்தால் 0.58, 1.4, 2.6, 4.3 என்று எண்கள் அழகாக ஏறும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். நடுவே நடக்கும் குளறுபடி அதற்குத் தெரியாது. வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகி போனில் பார்க்கும் புளூடூத் இஎல்எம்327 இன்னும் மோசம். இங்கே ஓபிடி 2 (வண்டி தன் குறையைத் தானே சொல்லும் ஏற்பாடு) கட்டாயமானதே 2013 ஏப்ரலில்தான். 2003 வண்டியில் அது பேசினாலே அதிசயம். இதற்கு முள் மீட்டர்தான் சரி. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைத்தது. வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் வகை. அதை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 200 கிலோ ஓம், டிபிஎஸ் சிக்னலை இழுக்காது. 2.5 ரேஞ்சில் வைத்தால் 50 கிலோ ஓம்தான், கொஞ்சம் இழுக்கும்.

திறக்கும் வேகம்தான் இதில் சூட்சுமம். கையால் திறந்தால் எவ்வளவு பொறுமையாகத் திறந்தாலும் முதல் கால்வாசி சட்டென்று தாண்டிப் போய்விடும். டவுன் வண்டியில் டிராக் தேய்வதே அந்தக் கால்வாசியில்தான்; ஊசி நாளெல்லாம் உரசுவது அங்கேதான். அதனால் காலையும் கையையும் விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டர் கேபிளின் அட்ஜஸ்டர் நட்டை ஸ்பேனரால் திருப்பித் திறக்க வேண்டும். முதலில் நட்டின் இடத்தை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கால் சுற்று, கால் சுற்றாக. முள் எண்ணெயில் போவது போல் ஏறியது. ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குனிவு, பூஜ்யம் பக்கம் போய்த் திரும்பியது. அரைச் சுற்று பின்னால் வந்து மறுபடி ஏறினால் அதே இடத்தில் அதே குனிவு. ஹேர் டிரையரால் சூடு காட்டியபோது குனிவு இன்னும் ஆழம். சென்சார் போய்விட்டது, சந்தேகமே இல்லை. சோதனை முடிந்ததும் நட்டு கோட்டுக்கே திரும்ப வேண்டும், மறந்தால் ஐடிலிங் மறுபடி தொங்கும்.

முதலில் வந்தது ஒரு டூப்ளிகேட். பெட்டி மட்டும் பளபள. இரண்டு ஓர முனைக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸ் ஒழுங்காகக் காட்டியது. கடைக்காரர் காட்டுவதும் அதை மட்டும்தான். மாட்டிப் பார்த்தால் முழுத் திறப்பில் 3.6-ஐத் தாண்டவில்லை, 4-க்கு மேல் வந்திருக்க வேண்டும். பாதித் திறப்பில் முள் நடுங்கியது. மாட்டிய மறுநாளே கழற்றியாயிற்று. வாங்கும்போதே கவுண்டரில் மீட்டரை நடு முனைக்கு வைத்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய த்ராட்டில் பாடியோடு சேர்த்தே எடுக்கலாம், அங்கே ஜி.பி. ரோட்டில் ஒரிஜினல் கேட்கலாம். இரண்டாவது சென்சார் ஒரிஜினல்.

மாட்டும்போது ஷாஃப்ட் நுனி சென்சாரின் காடிக்குள் உட்கார வேண்டும். கொஞ்சம் கோணலாக வைத்து, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை லேசாக எதிர்த்துத் திருப்பினால்தான் துளையும் துளையும் நேர்வரும். தானாக நேர்வந்தால் தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவுத் தலை. நம்ம ஊர் சாதா ஸ்டார் திருப்புளி வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

அளக்க வயர் தோலைக் குத்தக்கூடாது. கடற்கரை ஊரில் குத்திய துளைக்குள் உப்புக்காற்று போய், ஆறு மாதத்தில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும். கப்ளரின் (சென்சாரில் வயரை மாட்டும் பிளக்) பின்பக்க ரப்பர் ஓரமாகக் குண்டூசி விட்டால் போதும்.

இரண்டாவது தடவை செய்த தவறு: சிவப்பு முனை சிக்னலில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், அதுவும் என்ஜினை ஓடவிட்டு. 0.52 வைத்தாயிற்று. ஆனால் ஐடிலிலிருந்து கிளம்பும்போது ஒரு மந்தம் மிச்சமிருந்தது. கறுப்பு முனையை சென்சாரின் சொந்த எர்த் வயருக்கு மாற்றியதும் 0.43. பேட்டரி நெகட்டிவுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவில் 90 மில்லிவோல்ட். சாவி மட்டும் போட்டால் அதே இடத்தில் 30. சென்சார் எர்த் வயரில் ஓடுவது மில்லி ஆம்பியர் கணக்கு, அது இவ்வளவு தொல்லை தராது. இன்ஜெக்டர் கரண்டும் இக்னிஷன் காயில் கரண்டும் ஈசியூ எர்த்தில் ஓடும்போதுதான் ஏறுகிறது என்றால் குறை அங்கே. மேனிஃபோல்டில் ஈசியூ எர்த் லக் (வயர் முனை வளையம்) போல்ட்டை அவிழ்த்தால், லக்குக்கு அடியில் பாசி மாதிரி பச்சை, அதற்கு மேல் வெள்ளைப் பூ. உப்புக்காற்று செய்த வேலைக்கு உப்புத்தாள்தான் மருந்து. லக்கையும் அலுமினியத்தையும் பளபளக்கும்வரை தேய்த்து, புது ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி. என்ஜின் ஓடும்போது இப்போது 12 மில்லிவோல்ட்.

கடைசி சரிக்கட்டல் சாவி ஆன், என்ஜின் ஆஃப், கறுப்பு முனை சென்சார் எர்த்தில், சென்சாருக்கு ஈசியூ தரும் ரெஃபரன்ஸ் 4.98 வோல்ட். ஸ்க்ரூ இறுகும்போது சென்சாரையும் சேர்த்து வலப்பக்கம் இழுக்கிறது, 0.52 வைத்து இறுக்கினால் 0.55 ஆகிறது. வேண்டுமென்றே 0.49-இல் வைத்து, இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கியதில் 0.52 வந்து நின்றது. இது எம்4 ஸ்க்ரூ, மணிக்கட்டு பலம் போதும், பிளாஸ்டிக் காது உடைந்தால் கதை முடிந்தது. பிறகு த்ராட்டிலை ஐந்தாறு தடவை திறந்து படாரென்று விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் 0.51–0.52-க்கே திரும்பியது. திரும்பாமல் அலைந்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும், சென்சாரைத் திட்டிப் பயனில்லை. முழுத் திறப்பில் 4.34. பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டி, ஏசி போடாமல் சூடேறும்வரை ஐடிலில் விட்டாயிற்று. கடலூர் போய்வந்ததில் வெட்டு இல்லை, மந்தம் இல்லை.

முள் மீட்டருக்குப் பதில் டிஎஸ்ஓ138 என்ற குட்டி ஆசிலோஸ்கோப் கிட் ஒன்றைப் பற்றவைத்து டப்பாவில் போட்டால் அந்தக் குனிவைப் படமாகவே பார்க்கலாம் என்று ஒரு யோசனை. அது வந்தால் அடுத்து மேப் சென்சாருக்கு (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) போகலாம். அதற்கு முன் கப்ளர் பாக்கி: பூட்டு நாக்கு உடைந்து, இப்போதைக்கு ஒரு கேபிள் டைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வயரோடு வரும் கப்ளர் தேடிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் அந்த எர்த் லக்கில் மறுபடி மீட்டர் வைக்க வேண்டும். 30 மில்லிவோல்ட்டைத் தாண்டியிருந்தால் லக்கையே வெட்டிவிட்டு, ஈயம் பூசிய புதுசு.