எஃப்எஃப்ஆர், ஓசிடி செய்துகொண்டேன்: முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியவை

ஆஞ்சியோ முடிந்து கையில் கிடைத்த தாளில் இரண்டே வரி. பக்கக் கிளை ஒன்றில் 70 சதவீத அடைப்பு, இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயான எல்ஏடியில் 50 சதவீதம். எழுபதுக்கு ஸ்டென்ட், ஐம்பதுக்கு மாத்திரை போதும் என்றார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டியபோது, ஆஞ்சியோவில் தெரிவது சாயம் ஓடும் பாதையின் நிழல் மட்டுமே, ரத்த ஓட்டம் உண்மையில் குறைகிறதா என்று குழாய்க்குள்ளேயே அளந்துவிடலாம், அதற்குப் பெயர்தான் எஃப்எஃப்ஆர் என்றார். சரி என்றேன்.

அவருக்கு ஆஞ்சியோ வீடியோ வேண்டும். அலைச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. பழைய மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் டாக்டர் கையெழுத்து கேட்டார்கள். டாக்டர் விடுப்பில் இருந்தார். காத்திருந்து வாங்கி வந்த சிடியைத் திறந்தால் அதே இரண்டு வரி அறிக்கைதான், வீடியோவைக் காணோம். தயவுசெய்து கவுண்டரிலேயே சிடியைப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு நகருங்கள்.

அடுத்தது காபி. கொடுத்த குறிப்புத் தாளில் நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது என்று மட்டும்தான் இருந்தது. மேஜையில் படுத்த பிறகு, "நேற்று காபி, டீ ஏதாவது?" என்று கேட்கிறார்கள். ராத்திரி குடித்தேன் என்றதும் மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள். அளக்கும்போது ரத்தக் குழாய்களை விரிக்கச் செலுத்தும் அடினோசின் மருந்தின் வேலையை கஃபீன் கெடுத்துவிடுமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் பட்டினி மிச்சம். அடினோசின் இல்லாமல் அளக்கும் ஐஎஃப்ஆர் முறையும் உண்டு, உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மணிக்கட்டு வழியாக, அழுத்தத்தை அளக்கும் வயர் போனது, வலி பெரிதாக இல்லை. ஆனால் அடினோசின் ஏறியதும் மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஓர் அழுத்தம், மூச்சு முட்டல். மருந்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. இதையும் யாரும் சொல்லவில்லை, மாரடைப்பே வந்துவிட்டது என்று நடுங்கிப்போனேன்.

அடைப்பைத் தாண்டி உள்ள ரத்த அழுத்தத்தை அடைப்புக்கு முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப்எஃப்ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் இதயத் தசைக்கு ரத்தம் பற்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயமுறுத்திய எழுபதுக்கு 0.88. விட்டுவிடலாம் என்ற ஐம்பதுக்கு 0.76! முதலில் சொன்னபடி கேட்டிருந்தால் தேவையில்லாத இடத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, தேவையான இடத்தை விட்டிருப்பார்கள்.

எல்ஏடிக்கு ஸ்டென்ட் வைக்கும் முன்னும் பின்னும் ஓசிடி எடுத்தார்கள். குழாயின் உட்புறத்தை ஒளியால் படம் பிடிப்பது இது. ரத்தம் ஒளியை மறைக்கும் என்பதால் சாயத்தைப் பாய்ச்சி ரத்தத்தை விலக்கிக்கொண்டே கருவியைப் பின்னால் இழுக்கிறார்கள். திரையில் பழுப்பு நிறத்தில் குழாயின் வட்டம், அதன் ஓரத்தில் ஸ்டென்ட் கம்பிகள் புள்ளி புள்ளியாக. ஒரு பக்கம் அவை சுவரைத் தொடாமல் விலகி நின்றதை டாக்டர் காட்டினார். ஆஞ்சியோவில் அது தெரியவே இல்லை. பெரிய பலூனால் விரித்து, மறுபடி படம் எடுத்து, ஒட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் முடித்தார். சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ரத்தப் பரிசோதனையில் வந்த கிரியாட்டினின் அளவை முன்பே சொல்லிவிடுங்கள். ஐவஸ் என்ற அல்ட்ராசவுண்ட் முறைக்கு இப்படிச் சாயம் பாய்ச்ச வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் 'எல்ஏடியில் ஸ்டென்ட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு எஃப்எஃப்ஆர் எண்களையும் எழுதி, ஓசிடி பதிவையும் தந்தால்தான் கிளம்புவேன் என்று நின்றேன். முணுமுணுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். வீடியோ ஓடுகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.