மலை ஊர்ல தண்ணி எப்படி நிக்கும்?

கோயமுத்தூர்ல இருந்து மாமா எப்ப ஊட்டி வந்தாலும் இதைத்தான் கேப்பாரு, "ஏன் மாப்ள, மலை மேல இருக்கற ஊரு, பேஞ்ச தண்ணி தானா கீழ ஓடிருமல்ல, இங்க எப்படி வெள்ளம் வருது?" நியாயமான கேள்விதான். ஆனா தொட்டபெட்டா ரோட்டுல பாதி ஏறி திரும்பிப் பாத்தா புரிஞ்சிரும், சுத்தி மலை, நடுவுல கிண்ணம் மாதிரி பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள்ளதான் மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், ரேஸ் கோர்ஸ் எல்லாம் உக்காந்திருக்கு. 1824 வாக்குல ஜான் சல்லிவன் ஓடைகளை மறிச்சு கட்டின ஏரி முதல்ல இப்ப இருக்கறதை விட ரொம்ப பெருசு, பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் இருக்கற இடமே அப்ப ஏரிக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்தினா ரயில்வே பாலத்துக்கு அடியில கார் மாட்டுதுன்னா அது தண்ணியோட பழைய இடம், நாமதான் நடுவுல போய் வண்டிய நிறுத்துறோம்.

டவுன் தண்ணியில பெரும்பகுதி கோடப்பமந்து கால்வாய் வழியாத்தான் ஏரிக்குப் போகுது. கடை வாசல்ல கூட்டித் தள்ளுற டீ கப்பு, ரோட்டுல சிந்துன ஆயில், ஓட்டல் கழிவு, மழை பேஞ்சா மேன்ஹோல்ல பொங்குற பாதாள சாக்கடை, எல்லாம் அதே கால்வாய்லதான் வந்து சேருது. மழைத்தண்ணிக்குன்னு ஒரு வழி, சாக்கடைக்குன்னு ஒரு வழின்னு பேப்பர்லதான் இருக்கு, கனமழையில ரெண்டும் ஒன்னாயிருது. ஏரியோட நிக்காது, அங்கிருந்து காமராஜ் சாகர் அணை, அப்புறம் மாயாறு, கடைசில பவானிசாகர் அணை, அதாவது கீழ ஈரோட்டுப் பக்கம் வயலுக்குப் பாயுற தண்ணியில நம்ம பஜாரும் கொஞ்சம் இருக்கு!

கால்வாயைத் தூர் வாரணும், அகலமாக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, சரிதான், செய்யட்டும். ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா தண்ணி இவ்ளோ வேகமா கால்வாய்க்கு வர்றதுதான் பிரச்சனை. முன்னாடி சோலையும் புல்வெளியும் மழையைப் பிடிச்சு வச்சு மெதுவா விடும், பள்ளத்துல சதுப்பு நிலம் இருந்துச்சு. இப்ப சதுப்பெல்லாம் மண்ணு கொட்டி மேடாக்கியாச்சு, சரிவுல காட்டேஜ், காட்டேஜ் முன்னாடி பார்க்கிங், பார்க்கிங் பூரா பேவர் பிளாக். பேஞ்ச தண்ணி எல்லாம் ஒரே நேரத்துல கீழ இறங்குது. இதுல கேரட் தோட்டத்து மண்ணும் சேந்து வந்து ஓடையை மூடுது. சரிவுக்கு நேர் கீழா பாத்தி போட்டா மண்ணு நிக்கவே நிக்காது, குறுக்கா போட்டா கொஞ்சமாவது நிக்கும், வயசான விவசாயிகளுக்கு இது தெரியாம இல்ல.

அப்ப வீட்டுக்கு வீடு குழி தோண்டி தண்ணிய மண்ணுக்குள்ள விடலாமேன்னு கேப்பீங்க. சமவெளியில ஓகே, இங்க யோசிச்சுத்தான் செய்யணும். செங்குத்தான சரிவுல மண்ணுக்குள்ள தண்ணி ஊற ஊற மண்ணு கனமாகி பிடிப்பு விட்டு அப்படியே வழுக்கிட்டு வந்துரும். 2009 நவம்பர்ல ஊட்டி பக்கத்துல இருக்கற கேத்தியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சப்ப மாவட்டம் பூரா மண்சரிவு, நாப்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க. சரிவுல மண்ணைத் தாங்க ரீட்டெய்னிங் வால் கட்டும்போது தண்ணி வெளிய வர ஓட்டை விடாம கட்டுறாங்க பாருங்க, அதைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

அதனால மலையில கூரைத் தண்ணிய தொட்டியில பிடிக்கறதுதான் எனக்கு சரின்னு படுது. எல்லா வீட்டுலயும் தகரமோ ஓடோ காங்கிரீட்டோ கூரை இருக்கு, பைப்பு போட்டு முதல் அஞ்சு பத்து நிமிஷத் தண்ணிய வெளிய விட்டுட்டு மிச்சத்தைப் பிடிச்சா கால்வாய்க்குப் போற தண்ணி அந்த அளவுக்குக் குறையும். ஏப்ரல், மே சீசன்ல ஊட்டிக்குக் குடிதண்ணி குடுக்கற பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணி பத்தாம லாரித் தண்ணிக்கு காசு குடுக்கறோம், அதே வீட்டுக் கூரைத் தண்ணிதான் அக்டோபர்ல பாலத்துக்கு அடியில நிக்குது.

எங்க தெருவுல இதைச் சொன்னா தொட்டி வைக்க இடம் எங்க இருக்குன்னு கேக்குறாங்க. கேட்டவர் வீட்டு வாசல்ல ரெண்டு காரு நிக்குது, நான் ஒன்னும் சொல்லல.