மண்வெட்டிக்கு முன்னால் ஒரு கணக்கு

காடழிந்த நிலத்தில் கால் வைத்ததும் குழி தோண்டக் கிளம்பாதீர்கள். 5 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஏற்கெனவே நிற்பதை எண்ணுங்கள்: அரை மீட்டர் தாண்டிய நாட்டுமரக் கன்றுகள், துளிர்விடும் அடிக்கட்டைகள், பெரிய மரங்கள். இப்படிப் பத்து இடங்களில். வட்டத்துக்குச் சராசரி 25 வந்தால் ஹெக்டேருக்குச் சுமார் 3,200. அங்கே நடவு வேண்டாம். தீயையும் மாட்டையும் தடுத்து, கன்றுகளைச் சுற்றிப் புல்லை அறுத்தால் போதும். இருபத்தைந்தும் ஒரே இனமாக இருந்தால் மட்டும் விடுபட்ட இனங்களைச் சேர்க்கலாம்.

குறைந்தால், குறைகிற அளவுக்கே நடவு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவாகி, தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகம் வறண்ட பருவமுள்ள காடுகளுக்குப் பழக்கிய முறை இது: 20 முதல் 30 நாட்டு இனங்கள், கன்றுக்குக் கன்று 1.8 மீட்டர். வேகமாக வளர்பவையும் நிதானமாக வளர்பவையும் ஒரே நாளில் மண்ணுக்குப் போகும். முன்னவை நிழல் போட்டுப் புல்லை அடக்கும். அத்தி இனங்கள் பறவைகளை அழைக்கும், மிச்ச விதைகளை அவை கொண்டுவரும்.

நாற்றங்காலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. குங்கிலியக் குடும்பத்து விதைகள் பல, உலர்ந்தால் செத்துவிடும். சேமிக்க நினைக்காமல் சில நாளில் விதைத்துவிடுங்கள். பையின் அடியில் சுருண்ட வேர் நட்ட பிறகும் சுருண்டே வளரும், மரம் பின்னால் காற்றில் சாயும். கன்றுகள் 30–60 செ.மீ. உயரத்தில் நடவுக்குப் போகட்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பே நிழலையும் தண்ணீரையும் குறைத்துப் பழக்குங்கள்.

முதல் மழையைக் கண்டு நடாதீர்கள். மண் ஆழமாக நனையட்டும். குழி வேர்க்கட்டியைப் போல் இருமடங்கு அகலம்.

கன்று சாவது பெரும்பாலும் புல்லால்தான். அது தண்ணீரைப் பறிக்கும், வெயில் காலத்தில் எரிந்து கன்றையும் எரிக்கும். ஆகவே முதல் இரண்டு மழைக்காலங்களில், பருவத்துக்கு மூன்று முறையாவது களையெடுப்பு. கன்றடியைச் சுற்றி 40–50 செ.மீ. விட்டத்தில் அட்டை மூடாக்கு (மண்ணை மூடும் விரிப்பு). களையெடுத்த கையோடு கன்றுக்கு 50–100 கிராம் உரம், தண்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. ரசாயன உரமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மேல்மண் போன நிலத்தில் அது தேவைப்படும். களையெடுக்காமல் போட்டால் மட்டும் அது புல்லுக்குப் போடும் உரம்!

கிளைகள் ஒன்றையொன்று தொட்டு, அடியில் புல் வெளிறத் தொடங்கினால் அரிவாளை வைத்துவிடலாம். தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய தடுப்புப் பட்டையை அதன் பிறகும் ஆண்டுதோறும் வெட்ட வேண்டும், குறைந்தது 8 மீட்டர் அகலத்தில்.