அடுக்குச் செம்பருத்தியை வெட்டிப் பார்த்துவிட்டு நெட் தேர்வுக்குப் படியுங்கள்

ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளில், வளர்ச்சி உயிரியல் என்றாலே பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஓர் உறுப்பு வரவேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு வளரும் ஹோமியோசிஸ் பகுதியையாவது விட்டுவிடாதீர்கள். தர்க்கம் பிடிபட்டால் விடையைத் தாளிலேயே வருவித்துவிடலாம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் இதைப் படித்தேன். ஆனால் மனத்தில் தைத்தது பூவைப் பிரித்தபோதுதான். சென்னையில் செம்பருத்திக்கா பஞ்சம்? ஒற்றையையும் அடுக்கையும் பறித்து பிளேடால் நெடுக்காக வெட்டுங்கள். ஒற்றையில் ஐந்து இதழ்கள், நடுவே மகரந்தத் தாள்கள் ஒட்டிய குழல். அடுக்கிலோ தாள்கள் பலவும் இதழாக மாறியிருக்கும். பாதி இதழும் பாதி மகரந்தப்பையுமாக நிற்பவைகூட அகப்படும். எனக்கு அது பேரானந்தம்!

இனி 1991-இல் கோயனும் மேயரோவிட்ஸும் முன்வைத்த ஏ-பி-சி மாதிரிக்கு வாருங்கள். ஏ, பி, சி என்பவை மூன்று வகை மரபணுச் செயல்பாடுகள்; பூவின் நான்கு வட்டங்களில் வெளியிலிருந்து உள்ளே எந்த உறுப்பு வரும் என்பதை இவை முடிவு செய்கின்றன. ஏ மட்டும் இயங்கினால் புல்லி. ஏ, பி சேர்ந்தால் அல்லி, அதாவது இதழ். பி, சி சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலகம். ஏ-யும் சி-யும் ஒன்றையொன்று தடுப்பவை என்பதே சாவி. சி பழுதானால் ஏ உள்வட்டங்களுக்கும் பரவும்; புல்லி, அல்லி, அல்லி, மீண்டும் புல்லி என வரும். அடுக்குச் செம்பருத்தியில் பார்த்ததும் இப்படித் தாள் இதழாவதைத்தான். பி பழுதானால்? ஏ பழுதானால்? பார்க்காமல் எழுதிப் பழகுங்கள்.

விலங்குகளுக்குப் பழ ஈ போதும். ஆன்டெனாபீடியா மரபணு தலையில் தவறாக இயங்கினால் உணர்கொம்பின் இடத்தில் கால் வளரும். அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணு செயலிழந்தால் மூன்றாம் மார்புக் கண்டம் இரண்டாவதைப் போலாகி, சமநிலை உறுப்புக்குப் பதில் இன்னொரு ஜோடி இறக்கை வரும். மரபியலாளர் எட்வர்ட் லூயிஸின் நான்கு இறக்கை ஈ இதுதான். 1995 நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

தேர்வில் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஈயின் இந்த மரபணுக்களில் இருப்பது ஹோமியோபாக்ஸ் என்ற டி.என்.ஏ. பகுதி: 180 கார இணைகள், புரதத்தில் 60 அமினோ அமிலங்கள். பூவின் ஏ-பி-சி மரபணுக்களோ பெரும்பாலும் மேட்ஸ்-பாக்ஸ் என்ற வேறொரு டி.என்.ஏ. பகுதியைக் கொண்ட குடும்பம். ஏ வகை மரபணுவான அபெட்டாலா-2 மட்டும் விலக்கு. கூற்றுகளைச் சரிபார்க்கும் கேள்விகளில் இந்த இரண்டையும் குழப்பித்தான் வலை விரிப்பார்கள்.